பல்கலைக்கழகமும் ஊர்க்களரியும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



உயர்கல்வித் திட்டமிடல் என்று தொடங்கினால் இலக்கிய ரசிகர்கள் வானொலியை நிறுத்திவிடக்கூடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. அது பொருளியலாளரின் விடயம், அமைச்சுக்களின் விடயம், கடன் தரும் வங்கிகளின் விடயம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் ஈழத்துத் தமிழ் எழுத்திலும் அரங்கிலும் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றங்களைப் பின்னோக்கிப் பார்த்தால், பல்கலைக்கழகத்தின் கதவு யாருக்குத் திறந்தது, உள்ளே எந்த மொழி பேசப்பட்டது என்ற கேள்விகளிலேதான் போய் நிற்கவேண்டியிருக்கிறது. நான் உயர்தர வகுப்புக்குத் தமிழும் வரலாறும் கால்நூற்றாண்டுக்கு மேலாகப் படிப்பித்தவன். அந்தக் கதவுக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தவன் என்ற உரிமையிலேயே இன்று பேசுகின்றேன்.

வளர்முக நாடுகள் பலவற்றில் பல்கலைக்கழகம் மண்ணில் முளைத்த மரமல்ல. தொட்டியில் வைத்துக் கப்பலில் கொண்டுவரப்பட்ட செடி. எமது நாட்டில் 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, மாணவரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே ஆயத்தம் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது முதற் துணைவேந்தராக வந்த ஐவர் ஜெனிங்ஸ், மகாவலிக் கரையிலே மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே வதியும் ஒரு கல்விச் சமூகத்தைக் கனவு கண்டார். 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்வு தொடங்கியது. அழகான கனவுதான். அந்தக் கனவுக்குள் நடமாடிய மாணவன் ஆங்கிலம் பேசுபவனாக, பெரும்பாலும் நகரத்துப் பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து வருபவனாக இருந்தான்.

இதே காலத்தில் இன்னொரு திட்டமும் நடந்துகொண்டிருந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1945 ஒக்டோபரில் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனா மொழியாயிற்று. 1953 முதல் அது ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கொரு வகுப்பாக மேலே ஏறத் தொடங்கியது. இங்கே ஒரு சிறு கணக்கு இருக்கின்றது. 1953இல் ஆறாம் வகுப்பில் தமிழிலும் சிங்களத்திலும் சரித்திரம் படிக்கத் தொடங்கிய பிள்ளை ஏறக்குறைய 1960இல் பல்கலைக்கழக வாசலில் வந்து நிற்கும். விரலை மடித்து எண்ணத் தெரிந்த எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் அவகாசம் இருந்தது. அந்தப் பிள்ளை 1960இல் வந்தே நின்றது. கலைப் பீடத்திற்குத் தமிழ், சிங்கள மொழி மூல மாணவர் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டனர். வாசல் திறந்தது, வாசிக சாலையின் அலுமாரிகளோ ஆங்கிலத்திலேயே இருந்தன.

இந்த ஓர் இடத்தில் நான் சற்றுத் தரித்து நிற்க விரும்புகின்றேன். ஏனென்றால் எமது உயர்கல்வியில் நடந்த ஆகப் பெரிய சமூக மாற்றமும் ஆகப் பெரிய குறையும் இங்கே ஒன்றாகவே பிறந்தன. படுவான்கரையிலிருந்தும், வன்னியிலிருந்தும், தீவுப் பகுதியிலிருந்தும், மலையகத்தின் ஓரிரு பாடசாலைகளிலிருந்தும் பிள்ளைகள் பட்டதாரிகளாக வெளிவரத் தொடங்கினர். அவர்களுடைய வீட்டில் அதற்கு முன் பட்டம் என்றால் நூலில் பறப்பதுதான். இதை இன்று இலேசாகப் பேசுவது எளிது. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் ஒரு கிராமத்துக்குத் திரும்பி வரும்போது அங்கே என்ன நிகழ்கின்றது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். அவருடைய தங்கை படிப்பை நிறுத்துவதில்லை. அயல்வீட்டுப் பையன் உயர்தரம் எடுக்கிறான். கடிதம் வாசிக்க, மனு எழுத ஊருக்கு ஒருவர் கிடைக்கிறார். இன்று எமது பல்கலைக்கழக மாணவரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆங்கிலக் கல்லூரிகளின் காலத்தில் இதை யாரும் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.

மறுபுறம், உள்ளே போன அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? விரிவுரையாளர் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வர். அந்தக் குறிப்பே நூல், அந்தக் குறிப்பே ஆதாரம், அந்தக் குறிப்பே பரீட்சை விடை. என்னிடம் படித்துப் பல்கலைக்கழகம் சென்ற மாணவர் பலர் விடுமுறைக்கு வரும்போது காட்டும் கொப்பிகளைப் பார்த்திருக்கின்றேன். ஒரே குறிப்பு அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து ஊரிலுள்ள வெளிவாரிப் பட்டதாரி மாணவனுக்கு என்று கைமாறி, மூலத்தில் இருந்த ஐரோப்பியப் பெயர்கள் மூன்றாவது கையில் அடையாளம் தெரியாத உருவில் நிற்கும். இதற்கு அந்த மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நூல் இல்லாத இடத்தில் குறிப்புத்தான் நூலாகும்.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. ஆங்கிலப் பாடநூல்கள் பல தமிழாக்கப்பட்டன. பௌதிகம், இரசாயனம், தூய கணிதம், பிரயோக கணிதம், அளவையியல் என்று எமது பிள்ளைகள் நாவில் இன்று இயல்பாக வரும் சொற்களெல்லாம் அந்த உழைப்பின் மிச்சம். தமிழகத்து நண்பர்கள் இயற்பியல், வேதியியல் என்று சொல்லும்போது நாம் ஒரு கணம் விழிப்பதும் அதனால்தான். அந்தத் தொகுதிகளை உருவாக்கியோரின் பெயர்களை இன்று யாரும் நினைப்பதில்லை. இலக்கிய வரலாறு எழுதுவோரும் அவர்களுக்கு ஒரு பந்தியேனும் ஒதுக்குவதில்லை. ஆனால் கலைச்சொல் என்பது விதைநெல். அதை விதைத்து ஆண்டுதோறும் நூலாக அறுவடை செய்தால்தான் மொழி வளரும். மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. கலைப் பீடங்களில் மட்டும் தாய்மொழி நிலைத்தது. அதனால் தாய்மொழி என்பது இரண்டாந்தர வாசல் என்ற எண்ணமும் மெல்ல மெல்ல ஊன்றிக்கொண்டது.

வாசலை அகலமாக்கியவர்கள் வெளியே போகும் பாதையை எண்ணிப் பார்க்கவில்லை என்பது 1971 ஏப்ரலில் தெரிந்தது. தென்னிலங்கையில் கிளர்ந்த இளைஞர்களிற் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்து தாய்மொழியில் படித்தவர்கள். அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் இங்கு வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, கல்வி வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள தொழில் வாய்ப்புக்கும் இடையிலுள்ள இடைவெளியையே தன் அறிக்கையின் மையமாகக் கொண்டது. அதற்கடுத்துத் தரப்படுத்தல் வந்தது. மொழிவாரியாகத் தொடங்கி 1974இல் மாவட்டக் கோட்டாவாக உருமாறிய அந்தக் கதையும், அது தமிழ் இளைஞர் மனத்தில் ஏற்படுத்திய காயமும், அதே கோட்டாவினால் பின்தங்கிய தமிழ் மாவட்டங்களின் பிள்ளைகள் சிலர் உள்ளே சென்ற முரணும் தனியொரு உரைக்குரியவை. இங்கு தொட்டுச் செல்வதோடு அமைகின்றேன்.

திட்டமிடலாளரின் பார்வை எப்படி இயங்கியது என்பதற்கு மட்டும் ஓர் உதாரணம். 1960களின் இறுதியில் கனிஷ்ட பல்கலைக்கழகக் கல்லூரிகள் என்று சில தொடங்கப்பட்டன. தொழில் நோக்கிய குறுகிய காலப் பாடநெறி, முடிவில் டிப்ளோமா. அவை நின்று பிடிக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் மூடப்பட்டன. இருபது ஆண்டுகள் கழித்து, 1980களின் இறுதியில் மற்றொரு கிளர்ச்சி அடங்கிய பின்னர், இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் என்று மாகாணங்களில் தொடங்கினார்கள். மறுபடியும் குறுகிய காலம், மறுபடியும் டிப்ளோமா, மறுபடியும் தொழில் நோக்கு. மாணவர் பட்டம் கேட்டனர். 1990களின் நடுப்பகுதியில் அவை ரஜரட்ட, சப்ரகமுவ போன்ற புதிய பல்கலைக்கழகங்களுக்குள் கரைந்துபோயின. ஒரே மருந்தை இரண்டு முறை கொடுத்தார்கள். நோயாளி இரண்டு முறையும் துப்பிவிட்டான். ஏனென்று கேட்டால், பட்டம் என்பது எமது சமூகத்தில் அறிவுக்கான சான்று மாத்திரமல்ல, சீதனச் சந்தையிலும் அரசாங்க உத்தியோகத்திலும் செல்லுபடியாகும் நாணயம். பெரிய வீட்டுப் பிள்ளைக்குப் பட்டமும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு டிப்ளோமாவும் என்று பிரித்தால் ஏழைக்கு அது உடனே விளங்கிவிடுகின்றது. மாணவர் பிடிவாதக்காரர் என்று அன்று எழுதியவர்கள் தத்தம் பிள்ளைகளை எந்தக் கல்லூரிக்கு அனுப்பினார்கள் என்பதை நான் இங்கு கேட்கப் போவதில்லை.

இனி இலக்கிய நெஞ்சங்களுக்கு உவப்பான பக்கத்துக்கு வருவோம்.

அமைச்சின் திட்டத்தில் எழுதப்படாத ஒரு புதுமை அதே 1960களில் பேராதனையில் நடந்தது. தமிழ்த்துறையில் விரிவுரையாளராக இருந்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்பிலும் மன்னாரிலும் ஊர்க்களரிகளில் விடியவிடிய ஆடப்பட்டு வந்த கூத்தைப் பல்கலைக்கழக மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் 1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றியிருந்தார். சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றிய அந்தப் படைப்பு 'நாடகம' என்ற பழைய சிங்களக் கிராமிய அரங்கிலிருந்து எழுந்தது. அந்த நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. எமது முற்றத்து விதையில் அயலவர் மரம் வளர்த்துவிட்டாரே என்ற உறுத்தல் அன்று பலருக்கு இருந்திருக்க வேண்டும். 1962இல் 'கர்ணன் போர்', தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை' என்று வித்தியானந்தன் கூத்துகளைத் தயாரித்தார். அண்ணாவிமார் பேராதனைக்கு வந்து மாணவருக்கு ஆட்டம் பழக்கினர். ஏட்டில் கிடந்த நாடகங்கள் அச்சேறின. மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க நாடகமான 'என்றீக் எம்பரதோர்' அவற்றுள் ஒன்று.

இதில் எது புதுமை? கூத்து புதிதன்று, அது பல நூற்றாண்டுப் பழமை. எழுத்தறிவு குறைந்தவர் என்று படித்தவர்கள் ஒதுக்கிவைத்த ஒரு மனிதர், தலைப்பாகையும் மத்தளமுமாகப் பல்கலைக்கழகத்துக்குள் ஆசிரியராக நுழைந்தார் என்பதே புதுமை. பட்டதாரி மாணவன் அவர் முன்னே காலைத் தூக்கி வைக்கத் தெரியாமல் நின்றான். கூத்தாடுவோரைச் சாதியின் பேரால் தள்ளிவைத்திருந்த ஒரு சமூகத்தில் இது சிறிய காரியமல்ல. மட்டக்களப்பிலிருந்து தாய்மொழி மூலம் உள்ளே வந்த மாணவரிடம் ஆட்டம் ஏற்கெனவே காலில் இருந்தது. சி. மௌனகுரு போன்றோர் அந்த வழியில் வந்து நடிகராகி, பின்னர் அரங்கப் பேராசிரியராகவும் ஆனார்கள். ஆக, 1960இல் திறந்த வாசல் இல்லாவிட்டால் 1962இன் 'கர்ணன் போர்' இல்லை. திட்டம் பிள்ளையைக் கொண்டுவந்தது. பிள்ளை தன்னோடு கொண்டுவந்ததை என்ன செய்வதென்று திட்டத்துக்குத் தெரியவில்லை. ஓர் ஆசிரியருக்குத் தெரிந்தது.

இதே பொழுதில் கடலுக்கு அப்பால் ஆபிரிக்காவிலும் ஒரு காரியம் நடந்தது. 1968 ஒக்டோபரில் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி வா தியாங்கோ, ஹென்றி ஒவுவோர் அன்யும்பா, தபான் லோ லியோங் ஆகிய மூவர் ஒரு மகஜரைப் பீடத்தின் முன் வைத்தனர். ஆங்கிலத் துறையை ஒழித்துவிடுங்கள் என்பதே அதன் கோரிக்கை. ஆங்கில இலக்கியத்தின் மீது வெறுப்பினால் அல்ல. எமது மண்ணை நடுவில் வைத்து அங்கிருந்து உலகைப் பார்ப்போம். வாய்மொழி இலக்கியத்தை நடுவில் வைப்போம். ஆபிரிக்காவும் கரீபியத் தீவுகளும் ஐரோப்பாவும் அதைச் சுற்றிய வட்டங்களாக வரட்டும் என்றார்கள். பெரும் விவாதத்தின் பின் இலக்கியத் துறை என்ற புதிய அமைப்புத் தோன்றியது. மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு தத்தம் பாட்டிமாரிடம் கதை கேட்கப் போனார்கள். இதற்குப் புதிய கட்டடம் தேவைப்படவில்லை, கடனுதவியும் வேண்டியிருக்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 1977இல் கூகி, கமிரீத்து என்ற கிராமத்தில் விவசாயிகளோடும் தொழிலாளரோடும் சேர்ந்து கிக்கூயு மொழியில் நாடகம் ஒன்றை மேடையேற்றினார். ஊரவரே அரங்கைக் கட்டினர், ஊரவரே வசனத்தைத் திருத்தினர், ஊரவரே நடித்தனர். சில வாரங்களில் அரசாங்கம் அதைத் தடை செய்தது. அந்த ஆண்டின் இறுதியில் கூகி விசாரணையின்றிச் சிறையிடப்பட்டார். சிறையில் மலசலகூடக் கடதாசியில் அவர் எழுதிய நாவலே 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழில் எமக்குக் கிடைத்தது. ஓராண்டின் பின் விடுதலையானவருக்குப் பல்கலைக்கழகப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. 1982இல் அந்த ஊரரங்கையும் பொலிசார் இடித்துத் தள்ளினர். 2025 மே மாதம் அவர் அமெரிக்காவில் காலமானார். பாடத்திட்டத்தை மாற்றும்வரை பொறுத்துக்கொண்ட ஆட்சி, பாடம் ஊருக்குள் போனபோது பொறுத்துக்கொள்ளவில்லை. எமது திட்ட ஆவணங்களில் 'சமூக மாற்றம்' என்ற சொல் மிகத் தாராளமாக வரும். அதை எழுதுவோர் கமிரீத்துவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

எமது கூத்துக்கு அப்படியொரு இடர் நேரவில்லை. வேறொன்று நேர்ந்தது. விடியவிடிய ஆடியது ஒரு மணி, ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. நகரத்துச் சபை கைதட்டியது. ஊரிலோ, பல்கலைக்கழகம் ஆடுவதுதான் செம்மையான கூத்து, நாம் ஆடுவது பட்டிக்காட்டுக் கூத்து என்ற எண்ணம் சிலருக்குத் தோன்றிவிட்டது. வித்தியானந்தன் செய்ததன் பெறுமதியை இது குறைத்துவிடாது. அவர் செய்யாதிருந்தால் பேசுவதற்கே பொருள் இருந்திராது. ஆனால் கேள்வி எழுந்தது, எழுந்ததும் நல்லதே. 2000களின் தொடக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்ற முயற்சியைத் தொடங்கினார். கூத்தை மண்டபத்துக்குத் தூக்கிவராமல், ஆய்வாளன் ஊருக்குப் போய், ஊரவரோடு இருந்து, கதையிலே பெண்ணையும் சாதியையும் பற்றி உறுத்தும் இடங்களை அவர்களோடேயே பேசி, அவர்கள் இணங்கியவற்றை மாற்றி அந்தக் களரியிலேயே ஆடுவது. அழகியலில் எது சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 'இராவணேச'னின் மேடை எழில் எனக்குப் பிடித்தமானது. ஆனால் உயர்கல்வியின் திசை என்று பார்த்தால் சீலாமுனையின் பக்கமே என் மனம் சாய்கிறது.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகின்றது. கலைப் பட்டதாரி பயனற்றவர் என்று மேடைதோறும் பேசப்படுகின்றது. வேலை கேட்டு வீதியில் நிற்கும் பட்டதாரிகளின் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம் அந்தப் பேச்சு இன்னும் ஓங்குகிறது. உலக வங்கியின் உதவியோடு நடைபெற்ற உயர்கல்வித் திட்டங்களில் ஆங்கிலமும் கணினியும் மென்திறன்களும் வற்புறுத்தப்பட்டன. ஆங்கிலம் வேண்டாம் என்று எந்த மடையனும் சொல்லமாட்டான். 1960இல் தாய்மொழியோடு கூடவே ஆங்கிலத்தையும் ஒழுங்காகக் கற்பித்திருந்தால் அந்தக் குறிப்புக் கொப்பிகளின் கதை நிகழ்ந்திராது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் நூலில்லாமல் தாய்மொழியைக் கொடுத்தது போல, இன்று ஆசிரியரில்லாமல் ஆங்கிலத்தைக் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்பதே என் கவலை. கிளிநொச்சியிலோ வாகரையிலோ ஆங்கில ஆசிரியரைக் காணாமலே உயர்தரம் முடித்த பிள்ளை, பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் ஆங்கில மூலம் சமூகவியல் படிக்கவேண்டுமென்றால், அந்தப் பிள்ளைக்கு வாசல் மறுபடியும் மூடுகின்றது என்பதே பொருள். இந்த முறை பூட்டுச் சத்தம்கூடக் கேட்காது.

கடைசியாக, பணச்செலவு அதிகமில்லாத ஒரு காரியத்தை உங்கள் முன் வைக்கின்றேன். எமது பல்கலைக்கழகங்களில் சிறப்புக்கலை மாணவர் இறுதியாண்டில் ஓர் ஆய்வேடு எழுதுகின்றனர். பலர் தம் ஊரைப் பற்றியே எழுதுகின்றனர். ஊர்க் கோயில், ஊர்க் கூத்து, மீனவர் சொற்கள், தாலாட்டு, இடப்பெயர். என் பழைய மாணவி ஒருத்தி கரைவலைக்காரர் வழங்கும் சொற்களைத் தொகுத்து எழுதியதை எனக்குக் காட்டினாள். காற்றுக்கு மட்டும் எத்தனை பெயர்! நீரோட்டத்துக்கு எத்தனை! அகராதிகளில் நான் காணாத சொற்கள் பல அதில் இருந்தன. அந்த ஆய்வேட்டின் ஒரு பிரதி துறை அலுமாரியில் இருக்கிறது, மற்றது அவளிடம் இருக்கிறது. சொற்களைச் சொன்ன சம்மாட்டியாரும் கிழவர்களும் அதைக் கண்ணால் காணவில்லை. அந்த ஊரிலே பிரதேச சபையின் வாசிகசாலை ஒன்றுண்டு. பத்திரிகை மட்டும் வரும். மாலையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஒவ்வொரு ஆய்வேட்டிலும் மூன்றாவது பிரதி ஒன்று எடுத்து, அது எழுதப்பட்ட ஊரின் வாசிகசாலைக்குக் கொடுக்கவேண்டும் என்று பீடங்கள் ஒரு விதி செய்யலாம். பிழையிருந்தால் அங்கேயே திருத்துவார்கள். அவளிடம் இதைச் சொன்னேன். தன் பிரதியையே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் போனபோது ஓரங்களில் பென்சிலால் பதினொரு சொற்கள் புதிதாக எழுதப்பட்டிருந்தனவாம்.